நூலைப் பகிர்வது ஈகையா?

பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் நூலடுக்கில் ஓர் இடைவெளி உண்டு. இரண்டு விரல் அகலம் இருக்கும். வருவோர் சிலர் அதைக் கண்டு, "இங்கிருந்த நூல் எங்கே?" என்று கேட்பர். "இரவல் போயிருக்கிறது" என்பேன். "திரும்பி வருமா?" என்பது அடுத்த வினாவாக இருக்கும். நூல் வைத்திருப்போர் எல்லாரும் கேட்டுப் பழகிய வினாக்கள்தாம் இவை. ஆனால், எவரும் கேளாத வினா ஒன்று உண்டு. அந்த நூலை நான் ஏன் கொடுத்தேன்? பெறுபவர் என்னிடம் வந்து கேட்கவில்லை. நானாகத்தான் எடுத்துக் கொடுத்தேன். படித்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியும் கொடுத்தேன். பசித்தவன் கேட்காமலே சோறிடுவது அறம். நூலைப் பொறுத்தவரையில் அப்படிச் சொல்லிவிட முடியுமா?

நாம் விரும்பிப் படித்த நூலைப் பிறர்க்குக் கொடுப்பதை ஈகை என்றே நம்மவர் கருதி வந்துள்ளனர். கல்விச் செல்வம் கொடுக்கக் குறையாது என்பது நாம் பள்ளியிலேயே கற்ற பாடம். அரிசியை அளந்து கொடுத்தால் நம் பானையில் குறையும். அறிவைக் கொடுத்தால் குறையாது. உண்மைதான். ஆயினும் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். பிடித்த நூல் என்பது வெறும் அறிவு அன்று. அதில் நம்முடைய அன்பும் கலந்திருக்கிறது. சில வேளைகளில் நம்முடைய செருக்கும் கலந்திருக்கிறது. அந்த நூலை நீட்டும் கை, கொடுப்பதைப் போல் தோன்றினும், உண்மையில் ஒன்றை இரந்து நிற்கிறது. "நான் கண்ட இன்பத்தை நீரும் காண்பீராக, கண்டதாக என்னிடம் வந்து சொல்வீராக" என்பதே அக்கையின் வேண்டுகோள்.

வள்ளுவர் இதை அறிந்திருந்தார் என்றே எண்ணுகிறேன். கல்வி என்னும் அதிகாரத்தில், தாம் இன்புறுகின்ற ஒன்றால் உலகமும் இன்புறுவதைக் கண்டு, கற்றறிந்தவர் அக்கல்வியையே மேலும் விரும்புவர் என்கிறார். கொடுத்தவர் எதையும் பெறவில்லை என்று அவர் சொல்லவில்லை. பெறுவது இன்னது என்றே சொல்லிவிட்டார். ஈகை என்னும் தனி அதிகாரத்தில் இக்கருத்தை வைக்காமல் கல்வியில் வைத்ததும் பொருத்தமாகவே இருக்கிறது.

இதனை நான் முதலில் உணர்ந்தது நூல்களிலிருந்து அன்று. கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் சிறுவனாக இருந்த காலத்திலே, எங்கள் லயத்தில் நூல் என்று சொல்லத்தக்கவை மிகச் சிலவே. மாரியம்மன் தாலாட்டு, பெரிய எழுத்து அல்லியரசாணிமாலை, பஞ்சாங்கம் இவற்றோடு, கிராணி வீட்டிலிருந்து வந்து சேர்ந்த பைண்டுத் தொகுதி ஒன்று இருந்தது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த பொன்னியின் செல்வனின் ஒரு பகுதி அது. வாரந்தோறும் வந்த பக்கங்களைப் பிரித்தெடுத்து, மணியம் வரைந்த ஓவியங்களோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். முதற்பகுதி எங்களுக்குக் கிடைக்கவில்லை. இறுதிப் பகுதியும் கிடைக்கவில்லை. நடுவில் தொடங்கி நடுவிலேயே முடியும் கதையைத்தான் எங்கள் தோட்டம் படித்தது.

படித்தது என்று நான் சொல்வது, கேட்டதை. பள்ளிக்குச் சென்றுவந்த பையன்களில் ஒருவன் மண்ணெண்ணெய் விளக்கின் அருகில் உட்கார்ந்து உரக்கப் படிப்பான். பத்துப் பேர் கேட்பர். அவர்களுள் ஓர் அத்தை இருந்தார். எழுத்தறியாதவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் வழியில் என்னைக் கண்டால் நிறுத்தி, முந்திய இரவு தாம் கேட்காமல் உறங்கிப்போன பகுதியைச் சொல்லச் சொல்வார். நான் சொல்வேன். சொல்லும்போது, படித்தபோது எனக்குத் தோன்றாத ஒன்று தோன்றும். நந்தினி ஏன் அப்படிச் செய்தாள் என்று அவர் கேட்ட வினாவுக்கு விடை தேடித்தான், நான் அந்தப் பக்கங்களை இரண்டாம் முறை திறந்தேன். அவருக்குக் கதையைக் கொடுத்தவன் நானா? எனக்குக் கதையைக் கொடுத்தவர் அவரா? இன்றளவும் எனக்குத் தெளிவாகவில்லை.

தமிழ் இலக்கிய வரலாற்றில் இத்தகைய கொடுக்கல் வாங்கல் ஒன்று பெரும் விளைவை உண்டாக்கியது. 1880ஆம் ஆண்டில் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய உ.வே. சாமிநாதையரைச் சந்தித்தார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ் நூல்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். முதலியார் வியப்படையவில்லை. பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். பின்னர் அதன் கைப்பிரதியையும் தேடிக் கொடுத்தார். ஐயர் சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டது 1887இல். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் அவர் பட்ட பாட்டை நாம் அனைவரும் அறிவோம்.

இந்நிகழ்ச்சியில் என்னைக் கவர்வது கொடுத்த கையின் தன்மையே. முதலியார் நூலைப் புகழ்ந்து கொடுத்தவர் அல்லர். ஒரு வினாவை எழுப்பிவிட்டு, நூலை அதன் விடையாக வைத்தார். மற்றொன்றும் உண்டு. சிந்தாமணி சமண காவியம்; ஐயரோ சைவச் சூழலில் வளர்ந்தவர். விளங்காத இடங்களுக்குப் பொருள் கேட்டு அவர் சென்றது கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்கு. அவ்வில்லங்களில் அந்நூலைப் பக்தியோடு படிக்கும் வழக்கம் இருந்து வந்தது. தம் சமயத்தவர் அல்லாத ஒருவர் வந்து கேட்டபோது, அவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அவரைச் சமணராக்க முயலவில்லை. தாம் விரும்பியதை அவரும் தம்மைப் போலவே விரும்ப வேண்டும் என்றும் கேட்கவில்லை. சொல்லிக் கொடுத்ததோடு நின்றார்கள். அவ்வாறு நிற்பது எளிதன்று.

அக்காலத்திலேயே ஏடுகளைப் போற்றியவர்களும் இருந்தார்கள். பட்டுத்துணியில் கட்டிப் பரணில் ஏற்றினார்கள். கலைமகள் விழாவன்று இறக்கிப் பூவும் பொட்டும் வைத்தார்கள். படிக்க எவர்க்கும் கொடுக்கவில்லை. செல்லரித்தபின் ஆடிப் பெருக்கன்று ஆற்றில் விட்டார்கள். நூலை வணங்கிய கைகளே அதை அழித்தன. மேலைநாட்டில் இடைக்கால நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள். சீர்காழியில் பிறந்து உலகப் புகழ் பெற்ற சீ.இரா. அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலில் நூலக இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல்கள் பயன்பாட்டிற்காகவே உள்ளன என்பதை அவர் முதல் விதியாக வைத்ததற்கு, அச்சங்கிலிகளும் ஒரு காரணம். நம்மவர் சங்கிலி இடவில்லை. பட்டுத்துணியைப் பயன்படுத்தினார்கள், அவ்வளவே.

இனி நம் கோலாலம்பூருக்கு வருவோம். 1924இல் தோன்றி 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழ், செய்திகளை மட்டும் தந்து அமையவில்லை. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அவ்விதழில் கதை வகுப்பு நடத்தினர். வாசகனாக இருந்தவன் எழுத்தாளனாக முயன்று பார்க்க, அது ஒரு வாயிலைத் திறந்தது. அதன்பின் 1952இல் கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து வந்து அவ்விதழில் பணியேற்றார். 1957 வரை இங்கே இருந்தார். இலக்கிய வட்டம் கூட்டி, இளைஞர்களோடு கதைகளைப் படித்து ஆராய்ந்தார். அந்த வட்டத்தில் அமரும் வயது எனக்கு அப்போது இல்லை. அதில் அமர்ந்தவர்களிடம் பின்னாளில் கேட்டறிந்தவை சில உண்டு. கேட்டவற்றை நான் கண்டதுபோல் எழுதலாகாது என்பதால் விடுகிறேன்.

ஆனால், அழகிரிசாமியின் சிறுகதையாகிய 'அன்பளிப்பு' நாம் எல்லாரும் படிக்கக் கூடியது. 1970இல் அவர் மறைந்தபின் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற தொகுதிக்கும் அதுவே பெயராயிற்று. நூல்களை நேசிக்கும் ஒருவர், அண்டை வீட்டுக் குழந்தைகளுக்கு நூல்கள் கொண்டுவந்து கொடுத்து மகிழ்கிறார். குழந்தைகளும் அவரை மொய்த்துக் கொள்கின்றன. இருவருக்கு நாட்குறிப்பு ஏடு கொடுத்தவர், சாரங்கன் என்னும் சிறுவனுக்குக் கொடுக்கவில்லை. அவன் அழவுமில்லை, சண்டையிடவுமில்லை. தன் வீட்டுக்கு அவரை வரவழைத்து, தானே தேடிக்கொண்ட ஒரு நாட்குறிப்பை நீட்டி, அதில் தனக்கு அவர் அன்பளித்ததாக எழுதித் தரும்படி கேட்கிறான்.

அக்கதையை முதன்முறை படித்தபோது சிறுவனுக்காக இரங்கினேன். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் படித்தபோது அந்தப் பெரியவருக்காக நாணினேன். அவர் கொடையில் குறைவில்லாதவர், அன்பிலும் குறைவில்லாதவர். எனினும் யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்த அளவிலே, யாருக்கு இல்லை என்றும் தேர்ந்துவிட்டார். நூலைப் பகிர்வோர் அனைவரும் செய்வது அது. "இந்நூல் உமக்கு ஏற்றது" என்று ஒருவரிடம் சொல்லும்போது, அருகில் இருப்பவர் காதில் வேறொன்று விழுகிறது.

என் கதைக்கு வருகிறேன். நூலடுக்கின் இடைவெளியில் இருந்தது மு.வ.வின் அகல் விளக்கு. 1961இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்ற நாவல். அறிவும் அழகும் உடைய சந்திரன் நிலைகுலைந்து அழிவதும், அமைதியான வேலய்யன் நின்று ஒளிர்வதும் அதன் கதை. என் இளமையில் என்னை நெறிப்படுத்திய நூல் என்றே அதனைச் சொல்லி வந்தேன். அந்நாளில் கிள்ளானிலிருந்து ஒரு நண்பர் மாதம் இருமுறை பிரிக்பீல்ட்ஸுக்கு வருவார். துறைமுகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்தவர். என்னை "வாத்தியார் ஐயா" என்றே அழைப்பார். நாங்கள் ஐந்தாறு பேர் ஒரு தேநீர்க் கடையில் கூடிப் படித்தவற்றைப் பேசுவோம். எங்கள் கூட்டத்திற்குப் பெயரும் இல்லை, தலைவரும் இல்லை. ஆனால் தலைவரைப் போல் நான் நடந்துகொண்டேன் என்பதை இப்போது மறைப்பதில் பயனில்லை.

அந்நண்பரிடம் அகல் விளக்கைக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது, "படித்தீரா?" என்றேன். அதற்கடுத்த முறையும் கேட்டேன். மூன்றாம் முறை, "நன்றாக இருந்தது ஐயா" என்றார். அத்துடன் விட்டிருக்கலாம். "எந்தப் பகுதி?" என்று கேட்டேன். அவர் தயங்கினார். பிறகு தாழ்ந்த குரலில், "சந்திரனுக்குத் தீர்ப்பை ஆசிரியர் முதலிலேயே எழுதி வைத்துவிட்டார் போலிருக்கிறது. அவனுக்கு ஒரு வாய்ப்பும் இல்லையே" என்றார்.

அது ஆழ்ந்து படித்தவர் ஒருவர் மட்டுமே சொல்லக்கூடிய கருத்து. நான் என்ன செய்தேன்? "சில நூல்களை ஏற்பதற்குப் பக்குவம் வேண்டும்" என்றேன். எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவர் தேநீரைக் குடித்து முடித்தார். அதற்குப் பிறகும் தவறாமல் வந்தார். ஆனால், என்னிடம் நூல்களைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். தம் வீட்டு முன்புறத்தில் வளர்க்கும் செம்பருத்திகளைப் பற்றிப் பேசுவார். எந்தக் கிளையில் பதியம் போட்டால் வேர் விடும், எந்த மண்ணில் மொட்டு உதிரும் என்பார். இலக்கியம் பேசும் இடத்தில் இவர் பூச்செடி பேசுகிறாரே என்று உள்ளுக்குள் எள்ளினேன். ஒருமுறை செடி வளர்ப்பு பற்றிய சிறு நூலொன்றைக் கொண்டுவந்து, "ஐயா பார்க்கலாமே" என்று கொடுத்தார். இரண்டு மாதம் வைத்திருந்து, திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். "மிகவும் பயனுள்ள நூல்" என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. எந்தப் பகுதி என்று அவர் கேட்கவே இல்லை. அவர் கேளாமல் விட்டதன் பண்பு எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

அவர் மறைந்தபின் கிள்ளானுக்குச் சென்றேன். தெங்கு கிளானா சாலையைக் கடந்து உட்புறத் தெருவொன்றில் அவர் வீடு. செம்பருத்திகள் சுவரின் உயரத்திற்கு நின்றன. அவர் துணைவியார் அகல் விளக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். பழுப்புத்தாளில் அட்டை போட்டிருந்தது. "இதை இரண்டாம் முறையும் படித்தாங்க ஐயா. உங்க கையில் கொடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க" என்றார்.

என் வேண்டுகோளை அவர் இரண்டு முறை ஏற்றிருக்கிறார். அவருடைய வேண்டுகோளை நான் ஒருமுறைகூட ஏற்கவில்லை. பூச்செடி எளியது, நாவல் உயர்ந்தது என்று யார் சொன்னது? ஒருவர் தம் அன்றாட விருப்பத்தை நம்மிடம் கூறும்போது, அவர் நீட்டுவதும் நூல் நீட்டுவது போன்றதே. அதைத் திறந்து பார்க்கவாவது நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இரவல் கொடுப்பதைப் பற்றி நம் எழுத்தாளர்க்கு வேறொரு குறை உண்டு. அது நேர்மையான குறை. மலேசியத் தமிழ் எழுத்தாளர் சில நூறு படிகள் அச்சிடுகிறார். பெரும்பாலும் தம் கைப்பணத்தில். ஒருவர் வாங்கிப் பத்துப் பேருக்கு இரவல் தந்தால், பத்துப் படிகள் எழுத்தாளரின் கட்டிலுக்கடியில் தங்கிவிடுகின்றன. இதற்கு என்ன விடை? உள்ளூர் நூலை இரண்டு படி வாங்குக, ஒன்றை மட்டும் சுற்றுக்கு விடுக என்பதே என் வழக்கம். எல்லாராலும் இயலாது என்பதை அறிவேன். ஆயினும் இரவலைவிட எழுத்தாளனை வாட்டுவது வேறொன்று. விஸ்மா துன் சம்பந்தன் போன்ற அரங்குகளில் நூல் வெளியீடுகளுக்குச் சென்றவர்கள் அறிவார்கள். பிரமுகர் மேடையேறி முதல் நூலைப் பெரும் தொகைக்குப் பெறுகிறார். நாமும் வரிசையில் நின்று, உறையில் பணமிட்டுப் பெறுகிறோம். நல்ல வழக்கமே, அது இல்லையேல் பல நூல்கள் அச்சேறியிரா. ஆனால், அவ்வாறு பெற்ற நூல்களுள் எத்தனை வீட்டில் பிரிக்கப்படுகின்றன? விலை கொடுத்துப் படிக்காதவரைவிட, இரவல் வாங்கிப் படித்தவர் எழுத்தாளனுக்கு நெருங்கியவர் என்பேன். இதை எழுத்தாளர்கள் ஏற்பார்களா என்பது ஐயமே. படித்த மதிப்பை வைத்து அச்சகக்காரரின் கணக்கைத் தீர்க்க முடியாதல்லவா?

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தபோது, ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் நண்பர் ஒருவரின் வீடு நீரில் மூழ்கியது. நாற்பது ஆண்டுகளாகச் சேர்த்த நூல்கள் கூழாயின. அவர் நூல் கொடுப்பதில் கைதாராளம் உடையவர் அல்லர். எழுதி வைத்துக்கொண்டே கொடுப்பார். வெள்ளம் வடிந்தபின் அந்தக் குறிப்பேடும் இல்லை. செய்தியறிந்து, அவரிடம் முன்பு இரவல் வாங்கி மறந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிலர் வெட்கத்தோடு வந்தார்கள். பதினான்கு நூல்கள் சேர்ந்தன. அவருடைய நூலகத்தில் எஞ்சியவை, அவர் வீட்டில் இல்லாமற்போனவை மட்டுமே. அவற்றை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டு அடுக்கினார்; மறுபடி கொடுத்தாரா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார்.

நானும் முற்றும் திருந்தியவன் அல்லன். பக்க முனையை மடிப்பவர்க்கு நூல் கொடுக்க இன்றும் மனம் வருவதில்லை. பேனாவால் அடிக்கோடிட்டவர் ஒருவரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தேன். ஆனால், "படித்தீரா?" என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். அகல் விளக்கு இப்போது எங்கள் மாடியில் மூன்றாம் தளத்து இளைஞரிடம் இருக்கிறது. போன தீபாவளிக்கு முன் வாங்கிச் சென்றார். மின்தூக்கியில் சந்திக்கிறோம், வானிலை பேசுகிறோம். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது எத்துணைக் கடினம் என்பது நான்காம் மாதத்தில்தான் தெரிந்தது.

சென்ற மாதம் அவருடைய மகள் வந்தாள். பதினோரு வயது. என் நூலடுக்கை நெடுநேரம் பார்த்தாள். பழைய வழக்கப்படி நான் ஒரு நூலைத் தேடிக் கை நீட்டினேன், நீட்டிய கையை நிறுத்திக்கொண்டு, "நீ இப்போது என்னம்மா படிக்கிறாய்?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு சப்பானியப் படக்கதையை எடுத்தாள்; மலாய் மொழிபெயர்ப்பு. "தாத்தா வேணும்னா வச்சுக்குங்க, ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கிறேன்" என்றாள். அன்றிரவு முதற்பக்கத்தைத் திறந்தேன். ஒன்றும் விளங்கவில்லை. எல்லாரும் இறந்து கிடந்தார்கள். மறுநாள்தான் தெரிந்தது, அது வலப்புறத்திலிருந்து தொடங்கும் நூல் என்பது. நான் முடிவிலிருந்து படிக்கத் தொடங்கியிருக்கிறேன். இப்போது முறையாகத் தொடங்கி முப்பத்திரண்டாம் பக்கம் வந்துள்ளேன். அந்த நரி முகமூடிக்காரன் நல்லவனா என்று அவளிடம் கேட்க வேண்டும்.